பேக்-12ஐ உடைத்தது டிவி காசா, மாநில அரசியலா?

கூகர்பித்தன்:
பக்கத்து இழையில் “ஃபாக்ஸும் ஈ.எஸ்.பி.என்.னும் சேர்ந்து பேக்-12ஐ முடித்துவிட்டன, இதில் பேச என்ன இருக்கிறது” என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பேச நிறைய இருக்கிறது என்பதால்தான் இந்தத் தனி இழை. புதியவர்களுக்கு ஒரு வரி: பேக்-12 என்பது அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பல்கலைகள் பன்னிரண்டு சேர்ந்து அமெரிக்கன் ஃபுட்பால் முதலான விளையாட்டுகளை ஆடிய கூட்டமைப்பு, அதாவது ‘கான்ஃபரன்ஸ்’. பிக் டென், பிக் 12, ஏ.சி.சி., எஸ்.இ.சி. எல்லாம் இதே மாதிரி வேறு கான்ஃபரன்ஸ்கள். ஃபாக்ஸும் ஈ.எஸ்.பி.என்.னும் ஆட்டங்களைக் காட்டும் டிவி நிறுவனங்கள்.

நான் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலையில் படித்தவன். ஊர் புல்மேன். சியாட்டிலில் இருந்து கிழக்கே காரில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், சுற்றிலும் கோதுமைக் காடு. அந்த ஊருக்குப் பல்கலைதான் எல்லாமும். சனிக்கிழமை ஃபுட்பால் இருந்தால் ஓட்டல் நிறையும், இல்லாவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

நடந்த வரிசையை முதலில் வைத்துவிடுகிறேன். 2022 ஜூன் 30: யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவிப்பு. 2023 ஜூலை 27: கொலராடோ பிக் 12க்கு. ஆகஸ்ட் 4: ஒரே நாளில் ஐந்து பேர். ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12க்கு. செப்டம்பர் 1: ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏ.சி.சி.க்கு. பசிபிக் ஓரத்தில் இருக்கிற இரண்டு பல்கலைகள் அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில். மிச்சம் நின்றது நாங்களும் ஓரிகன் ஸ்டேட்டும் மட்டும். 1915இல் தொடங்கிய அமைப்பு, ஓரிகன் ஸ்டேட் அதன் தொடக்க உறுப்பினர்.

என் கேள்வி இதுதான். வாஷிங்டன் பல்கலையும் வாஷிங்டன் ஸ்டேட்டும் ஒரே மாநில அரசின் பல்கலைகள். இரண்டின் ரீஜென்ட்ஸ் என்கிற ஆளுகைக் குழுவையும் நியமிப்பவர் ஒரே ஆளுநர். இரண்டுக்கும் நிதி ஒதுக்குவது மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் இருக்கிற ஒரே சட்டமன்றம். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை நடுத்தெருவில் விட்டுப் போனபோது வீட்டுப் பெரியவர்கள் எங்கே போனார்கள்? டிவிக்காரனைத் திட்டுவது சுலபம். அவன் வியாபாரி, அவன் வேலையை அவன் பார்த்தான். இவர்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்களா?

ஆஸ்டின் அருள்:
பித்தன் அண்ணே, சரியான இடத்துல கை வெச்சீங்க. பெரியவங்க தலையிட்டா என்ன ஆகும்னு தெரியணும்னா 1994 டெக்சாஸ் கதையைப் பாருங்க. எங்க பழைய கான்ஃபரன்ஸ் சவுத்வெஸ்ட். ஆர்கன்சா 1990லேயே எஸ்.இ.சி.க்குப் போறேன்னு சொல்லிடுச்சு. மிச்சம் இருந்தது முழுக்க டெக்சாஸ்காரங்க. ஒரே மாநிலத்து டிவி சந்தையை எட்டுப் பேர் பிச்சுத் தின்னா யாருக்கு வயிறு நிறையும்? டெக்சாஸ் பல்கலையும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலையும் கிளம்பத் தயார். வடக்கே பிக் எய்ட் கான்ஃபரன்ஸ் கையை நீட்டிக்கிட்டு நிக்குது.

அப்போ ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ், பெய்லர் பல்கலைல படிச்சவங்க. துணை ஆளுநர் பாப் புல்லக், டெக்சாஸ் டெக்ல இளங்கலை, பெய்லர்ல சட்டம். இந்த ஊர்ல துணை ஆளுநர்னா சும்மா பேருக்கு இல்ல. மாநில செனட்டே அவர் கைல. செனட் நிதிக்குழுத் தலைவர் ஜான் மான்ட்ஃபோர்டு, டெக்சாஸ் டெக் ஊரான லப்பக் பக்கத்து ஆள். பல்கலைக்குப் பட்ஜெட் வேணும்னா இவங்க வாசல்லதான் நிக்கணும். டெக்கும் பெய்லரும் கூட வரணும், இல்லேன்னா யாரும் போக வேணாம்னு முடிஞ்சு போச்சு. பிக் எய்ட் நாலு பேரையும் எடுத்துக்கிட்டு பிக் 12 ஆச்சு, 1996ல ஆட்டம் ஆரம்பம். மான்ட்ஃபோர்டு அதே வருஷம் டெக்சாஸ் டெக்கோட முதல் சான்சலர்!

ஆன் ரிச்சர்ட்ஸ் எவ்வளவு தள்ளினாங்கன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. புல்லக் தள்ளினதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. ஆனா ஹூஸ்டன், டி.சி.யு., எஸ்.எம்.யு., ரைஸ்னு மிச்ச நாலு டெக்சாஸ் பல்கலையும் வெளியே. அவங்களுக்குக் கோட்டைல ஆள் இல்ல. டி.சி.யு. மறுபடி மேல வர 2012 ஆச்சு, ஹூஸ்டனுக்கு 2023.

கணக்குப்பிள்ளை:
பழங்கதை சுவையாக இருக்கிறது. ஆனால் எண்ணை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள்.

பிக் டென் 2022 ஆகஸ்டில் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றோடும் ஏழு ஆண்டுக்கு 7 பில்லியன் டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. பிக் 12 அக்டோபரில் ஆறு ஆண்டுக்கு சுமார் 2.28 பில்லியன், பல்கலைத் தலைக்கு ஆண்டுக்கு 31.7 மில்லியன் என்று வந்தது. பேக்-12க்கு ஈ.எஸ்.பி.என். தலைக்கு 30 மில்லியன் சொன்னதாகவும், இவர்கள் 50 கேட்டதாகவும், அவர்கள் எழுந்து போய்விட்டதாகவும் பின்னால் செய்திகள் வந்தன. பல்கலைத் தலைவர்கள் உட்கார்ந்து போட்ட கணக்கு அந்த 50. சந்தையில் இறங்காதவர்கள் சந்தை விலை சொன்னால் இப்படித்தான்.

இவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோதே பிக் 12இன் ஆணையர் பிரெட் யார்மார்க் முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார். டிவி நிறுவனங்களின் பையில் இருந்த பணம் அங்கே போய்விட்டது. கடைசியில் ஆப்பிள் மட்டும் மிச்சம். சந்தாதாரர் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறும் தொகை, அடித்தளம் இருபது சொச்சம் மில்லியன். இதில் ஆளுநர் வந்து என்ன செய்திருப்பார்? 23ஐ 60 ஆக்குவாரா?

கூகர்பித்தன்:
பிள்ளைவாள், உங்கள் எண்ணையே எடுத்துக்கொள்கிறேன். ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு முழுப் பங்குக்குப் போகவில்லை. பாதிப் பங்கு, தொடக்கத்தில் சுமார் 30 மில்லியன். அதில் நியூ ஜெர்சிக்கும் மேரிலாண்டுக்கும் பறக்கிற விமானச் செலவைக் கழியுங்கள். ஆப்பிள் அடித்தளத்துக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்? பணம்தான் காரணம் என்றால் இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கா நூறாண்டு உறவை அறுப்பார்கள்? அவர்களைத் துரத்தியது பயம். ‘நாம் இன்று போகாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் போய்விடுவான், கடைசியில் நாம் தனியாக நிற்போம்.’ ஆகஸ்ட் 4 காலையில் பேக்-12இலேயே நீடிக்கக் கையெழுத்துப் போடத்தான் கூடினார்கள் என்பதை மறக்காதீர்கள்.

இன்னொன்று. 2021இல் டெக்சாஸும் ஓக்லஹோமாவும் எஸ்.இ.சி.க்கு ஓடியபோது பிக் 12 குற்றுயிராகக் கிடந்தது. மிஞ்சிய எட்டுப் பேரில் வேண்டியவர்களை பேக்-12 அள்ளியிருக்கலாம். ஆகஸ்ட் கடைசியில் ‘விரிவாக்கம் இல்லை’ என்று அறிக்கை விட்டார்கள். இரண்டே ஆண்டில் அந்த பிக் 12 வந்து இவர்களில் நாலு பேரை அள்ளிக்கொண்டு போனது.

டொரொண்டோ வாசன்:
நான் கனடாவில இருந்து வாசிக்கிறன். எனக்கு ஹொக்கிதான் தெரியும், பிழையாக் கேட்டா குறை நினைக்காதேங்கோ. இஞ்ச பல்கலைக்கழக விளையாட்டு எண்டா ஆரும் திரும்பியும் பாக்க மாட்டினம். அங்க மட்டும் என்னெண்டு ஒரு பல்கலைக்கழகம் டிவி கொம்பனியோட பில்லியன் கணக்கில பேரம் பேசுது? அதுவும் அரசாங்கப் பல்கலைக்கழகம்? ஆர் விட்டது?

சட்டம்பேசி:
வாசன் ஐயா, விட்டது அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1984இல்.

அதுவரை எந்த ஆட்டம் டிவியில் வரலாம், ஒரு பல்கலை எத்தனை முறை திரையில் தோன்றலாம் என்பதையெல்லாம் கல்லூரி விளையாட்டின் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. ஒரே இடத்தில் இருந்து முடிவு செய்தது. ஓக்லஹோமா பல்கலையின் ரீஜென்ட்ஸும் ஜார்ஜியாவும் வழக்குப் போட்டார்கள். ஏகபோகத் தடைச் சட்டத்தை என்.சி.ஏ.ஏ. மீறுகிறது என்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஜான் பால் ஸ்டீவன்ஸ். மாறுபட்டவர் பைரன் வைட்; கல்லூரியில் புகழ்பெற்ற ஃபுட்பால் வீரராக இருந்தவர். கல்லூரி விளையாட்டை வெறும் வணிகமாகப் பார்த்து அளக்கக் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். அன்று அவருக்குத் துணை நின்றவர் ரென்க்விஸ்ட் ஒருவர்தான்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அவரவர் பொருளை அவரவர் விற்கலாம் என்றாயிற்று. தனியாக விற்பதைவிடக் கூட்டாக விற்றால் விலை அதிகம். கான்ஃபரன்ஸ் என்பது பக்கத்து ஊர்க்காரர்கள் ஆடிக்கொள்ள வைத்திருந்த ஏற்பாடாக இருந்தது போய் விற்பனைக் கூட்டமைப்பு ஆனது அப்போதுதான். நோட்டர் டேம் மட்டும் தனி ஆள். 1991இல் இருந்து என்.பி.சி.யோடு தனி ஒப்பந்தம்.

இதில் வேடிக்கை, தொழில்முறை லீக்குகளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. 1961இலேயே காங்கிரஸ் சட்டம் இயற்றி, எல்லா அணிகளும் சேர்ந்து டிவி உரிமையை விற்க விலக்குக் கொடுத்துவிட்டது. அதில் கல்லூரிகள் சேர்க்கப்படவில்லை. இப்போது சிலர் அந்தச் சட்டத்தைத் திருத்தி, நாடு முழுவதும் ஒரே மூட்டையாக விற்கலாம் என்று பேசுகிறார்கள். கூட்டாக விற்றால் மொத்தத் தொகை கூடும் என்பது அவர்கள் கணக்கு. எஸ்.இ.சி.யும் பிக் டென்னும் அதற்குச் சம்மதிக்க என்ன அவசியம் என்பதுதான் எனக்குப் புரியாத பகுதி.

நியூஜெர்சி மாமா:
எல்லாரும் மேற்குக் கரையிலேயே நின்னுண்டு அழறேளே, எங்க நியூ ஜெர்சி ரட்கர்ஸ் பல்கலை கதையையும் கொஞ்சம் கேளுங்கோ. 2012 நவம்பர்ல மேரிலாண்டையும் எங்களையும் பிக் டென் கூப்பிட்டது. எங்க ஃபுட்பால் அழகைப் பார்த்தா கூப்பிட்டான்னு நினைக்கறேள்? கேபிள் பெட்டி சார், கேபிள் பெட்டி! 2007ல பிக் டென் நெட்வொர்க்னு சொந்தச் சேனல் தொடங்கினா. ஃபாக்ஸும் அதுல பங்கு. தங்கள் எல்லைக்குள்ள இருக்கற மாநிலத்துல வீட்டுக்கு வீடு மாசாமாசம் பில்லுல கூடுதல் காசு. ஆட்டம் பார்க்கறவனும் குடுக்கணும், பார்க்காதவனும் குடுக்கணும். எங்காத்து மாமி சமையல் நிகழ்ச்சி பார்க்கறதுக்கு நான் ஒஹாயோ ஸ்டேட்டுக்குக் கப்பம் கட்டினேன். ரட்கர்ஸ் வந்தா நியூயார்க் சந்தை, மேரிலாண்டு வந்தா வாஷிங்டன் டி.சி., பால்டிமோர் சந்தை. அப்போ பிக் டென் கமிஷனரா இருந்த ஜிம் டெலேனி மூளையே மூளை.

மேரிலாண்டுக்கு வேற வழியும் இல்லை. அந்த வருஷம்தான் காசில்லாம ஏழு விளையாட்டு அணிகளைக் கலைச்சிருந்தா. போறச்சே ஏ.சி.சி. 52 மில்லியன் எடுத்து வைன்னு கேஸ் போட்டு, கடைசியில 31 மில்லியன் சொச்சத்துல முடிஞ்சது.

இப்போ கேபிளை ஊரே அறுத்துண்டிருக்கு. எந்தக் காரணத்துக்காகக் கூப்பிட்டாளோ அந்தக் காரணம் செத்தாச்சு, விருந்தாளி மட்டும் சோஃபாவுல உட்கார்ந்திருக்கான். 😄

பே ஏரியா தேவி:
மாமா சொல்றது சிரிப்பா இருக்கு. ஆனா பறக்கிறது யாருன்னு பாருங்க. என் பொண்ணு இந்தக் கரையில ஒரு பல்கலையில டென்னிஸ் ஆடறா. பேர் வேண்டாம். முன்னாடி பஸ்ல போய் ஆடிட்டு ராத்திரியே ரூமுக்கு வந்துடுவா. இப்போ கண்டம் தாண்டிப் பயணம். ஏர்போர்ட் தரையில உட்கார்ந்து அசைன்மென்ட் எழுதறா. மூணு மணி நேர வித்தியாசம், மறுநாள் காலைல லேப். ஃபுட்பாலுக்கு வருஷத்துக்கு ஆறேழு வெளியூர் ஆட்டம், அதுவும் தனி விமானம். டென்னிஸ், சாஃப்ட்பால், வாலிபால் பொண்ணுங்களுக்கு அப்படியா? அவங்க டிவி ஒப்பந்தத்துல ஒரு காசு கொண்டு வரலை. ஆனா ஒப்பந்தத்தோட அலைச்சல் முழுக்க அவங்க தலைல.

ஸ்டான்ஃபோர்டுல மட்டும் 36 அணிகள். அதே ஏ.சி.சி.யில இருக்கற பாஸ்டன் காலேஜுக்கும் அவங்களுக்கும் நடுவுல நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல. ஃபுட்பாலை மட்டும் தனியா ஒரு லீக் ஆக்கிட்டு மத்த எல்லாத்தையும் பழையபடி பக்கத்து ஊரோட விட்டா யாருக்கு என்ன நஷ்டம்? இதைக் கேட்டா “அக்கா, அது அவ்வளவு சுலபம் இல்ல”ன்னு சொல்றாங்க. ஏன்னு மட்டும் யாரும் சொல்றதில்லை.

சட்டம்பேசி:
தேவி அம்மா, வழி இல்லாமல் இல்லை. சில விளையாட்டுகளுக்கு மட்டும் வேறு கான்ஃபரன்ஸில் துணை உறுப்பினராக இருக்கும் வழக்கம் முன்பே உண்டு. நோட்டர் டேம் மற்ற விளையாட்டுகள் பெரும்பாலானவற்றை ஏ.சி.சி.யில் ஆடிக்கொண்டு ஃபுட்பாலில் தனியாக நிற்கிறது. கனெக்டிகட் பல்கலையான யூகான் 2020இல் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸுக்குத் திரும்பிப் போய், ஃபுட்பாலைத் தனியாக ஆடுகிறது. அந்த அளவுக்குப் பேரம் பேசும் பலமோ, கூடைப்பந்துக்கு ஃபுட்பாலைவிட மதிப்புத் தருகிற துணிச்சலோ வேண்டும், அவ்வளவுதான். பாதிப் பங்குக்கு உள்ளே போகிறவர் நிபந்தனை போட முடியாது.

ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏ.சி.சி.யில் டிவி பங்கில் 30 விழுக்காட்டுக்குத்தான் நுழைந்தன, ஏழு ஆண்டுக்கு. கூட வந்த எஸ்.எம்.யு. ஒன்பது ஆண்டுக்கு டிவி பணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தது. டாலஸ் பணக்காரப் பழைய மாணவர்கள் இருக்கும் தைரியம்.

ஆஸ்டின் அருள்:
எஸ்.எம்.யு. பத்தி ஒரு வார்த்தை. 1994ல வெளியே தள்ளப்பட்டவங்க, முப்பது வருஷம் வாசல்ல நின்னுட்டு கடைசியில காசைக் குடுத்து டிக்கெட் வாங்கிட்டாங்க. ஏ.சி.சி.யில முதல் வருஷமே எல்லா லீக் ஆட்டமும் ஜெயிச்சு ஃபைனல் வரைக்கும் வந்தாங்க. எனக்கு அவங்களைப் பிடிக்காது, ஆனாலும் ஒரு சல்யூட்.

கணக்குப்பிள்ளை:
எஸ்.எம்.யு. தனியார் பல்கலை. அதைச் சொல்லி அரசியல் கோட்பாட்டை நிறுவ முடியாது. பித்தன் கேள்விக்கே வருவோம். 1994இல் அரசியல் வேலை செய்தது, ஒப்புக்கொள்கிறேன். அதே டெக்சாஸில் 2021இல் ஏன் செய்யவில்லை? அதே சட்டமன்றம், அதே டெக், அதே பெய்லர். டெக்சாஸ் பல்கலை ஓக்லஹோமாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கோட்டை என்ன செய்தது?

ஆஸ்டின் அருள்:
விசாரணை வெச்சாங்க! ஆகஸ்ட் 2, செனட் குழு. டெக்சாஸ் தலைவர் வந்து உட்கார்ந்தார், எல்லாரும் கோபமாப் பேசினாங்க, கலைஞ்சு போனாங்க. அதுக்குள்ள எஸ்.இ.சி. ஓட்டே போட்டு முடிச்சாச்சு. விஷயம் ஜூலை 21ல ஹூஸ்டன் க்ரானிக்கிள்ல கசிஞ்சுது. அடுத்த பத்து நாள்ல எல்லாம் முடிஞ்சது. மாசக்கணக்கா ரகசியமா ஓடியிருக்கு.

நேரத்தையும் பாருங்க. எங்க சட்டமன்றம் ஒற்றைப்படை வருஷத்துல 140 நாள்தான் கூடும். 2021 கூட்டம் மே மாசக் கடைசியில முடிஞ்சுடுச்சு. ஜூலைல சிறப்புக் கூட்டம் நடந்துச்சு, ஆனா தேர்தல் மசோதாவை எதிர்த்து டெமாக்ரட் உறுப்பினருங்க அவை நடக்கத் தேவையான எண்ணிக்கை (கோரம்) இல்லாமப் பண்ண வாஷிங்டன் டி.சி.க்குப் பறந்துட்டாங்க. அவையே நடக்கலை, இதுல ஃபுட்பாலை யார் பார்க்கறது? எல்லாம் முடிஞ்சு 2024 ஜூலைல சேர்ந்தாங்க. ஒரு வருஷம் முன்னாடியே கிளம்பினதுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து 100 மில்லியன்.

கூகர்பித்தன்:
அருள் சொன்னதில் ஓக்லஹோமாவையும் பாருங்கள். ஓக்லஹோமா பல்கலைக்கு ஒரு ரீஜென்ட்ஸ் குழு, ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கு வேறொரு குழு. ஒருவர் போவதற்கு இன்னொருவர் கையெழுத்துத் தேவையில்லை. அரிசோனாவில் இரண்டுக்கும் ஒரே குழு. இரண்டும் ஒரே நாளில் ஒரே இடத்துக்குப் போயின. அரிசோனா ஸ்டேட் தலைவர் மைக்கேல் க்ரோ கடைசிவரை பேக்-12க்கு விசுவாசமாக இருந்தவர், அவரும் கிளம்ப வேண்டியதாயிற்று. ஓரிகனில் முன்பு எல்லா அரசுப் பல்கலைகளுக்கும் ஒரே மாநில வாரியம். 2013இல் சட்டம் போட்டு, ஓரிகன் பல்கலைக்குத் தனி அறங்காவலர் குழு, ஓரிகன் ஸ்டேட்டுக்குத் தனிக் குழு என்று பிரித்தார்கள். பத்தே ஆண்டில் விளைவைப் பார்த்துவிட்டோம்.

அதாவது கூரை ஒன்றாக இருந்தால் தம்பியை விட்டுப் போக முடியாது. பிரித்துவிட்டால் போகலாம். என் கோட்பாடு இதுதான்.

பே ஏரியா தேவி:
அப்போ கலிஃபோர்னியா? யு.சி.எல்.ஏ.வுக்கும் பெர்க்லிக்கும் ஒரே ரீஜென்ட்ஸ்தானே. அங்கே ஒட்டவே இல்லையே உங்க கூரை.

அந்தக் கதை எனக்கு நல்லாத் தெரியும், வீட்டுல ரெண்டு பக்கமும் ஆள் இருக்கு. அறிவிப்பு வந்தப்போ ரீஜென்ட்ஸுக்கே பெருசா சொல்லலைன்னு ஆளுநர் நியூசம் கோபப்பட்டு, ஜூலைல கூட்டத்துக்கே வந்து உட்கார்ந்தார். ஆளுநரும் பதவி வழியில ஒரு ரீஜென்ட். சரி, நிறுத்தப் போறாங்கன்னு நினைச்சோம். டிசம்பர் 14ல 11க்கு 5னு சம்மதிச்சுட்டாங்க. யு.சி.எல்.ஏ. விளையாட்டுத் துறை கடன் 100 மில்லியனுக்கு மேல, நிறுத்தினா அதை யார் அடைக்கிறது? நிபந்தனை என்னன்னா பெர்க்லிக்கு ஜீவனாம்சம். வருஷத்துக்கு 2ல இருந்து 10 மில்லியன்னு சொல்லி, 2024ல 10ன்னு முடிவு பண்ணாங்க, முதல் மூணு வருஷத்துக்கு. பெர்க்லியோட செல்லப்பேர் ‘கல்’, ஜீவனாம்சம் ‘அலிமனி’, ரெண்டையும் சேர்த்து ஊர்ல ‘கலிமனி’ன்னு கிண்டல் பண்றாங்க.

கணக்குப்பிள்ளை:
நன்றி தேவி அம்மா. கோட்பாட்டில் ஓட்டை விழுந்தாயிற்று. எதிர்ப்பக்கத்தில் வர்ஜீனியாவும் இருக்கிறது. அங்கே வர்ஜீனியா பல்கலைக்கும் வர்ஜீனியா டெக்குக்கும் தனித்தனிக் குழு. ஆனாலும் 2003இல் ஆளுநர் மார்க் வார்னர் நெருக்கி, டெக்கை ஏ.சி.சி.க்குள் தள்ளிவிட்டார். கூரை இரண்டு, தம்பி உள்ளே!

சட்டம்பேசி:
வர்ஜீனியாவை விரிவாகப் பார்த்தால் விடை அங்கேயே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஏ.சி.சி.யில் அப்போது ஒன்பது உறுப்பினர்கள். புதியவரைச் சேர்க்க ஏழு வாக்கு வேண்டும். டியூக்கும் நார்த் கரோலைனாவும் விரிவாக்கத்துக்கே எதிர்ப்பு. ஆக மிச்சம் ஏழில் ஒருவர் பிசகினாலும் கதை முடிந்தது. அந்த ஒருவராக வர்ஜீனியா பல்கலை நின்றது. முதலில் பேசப்பட்டது மயாமி, சிராக்யூஸ், பாஸ்டன் காலேஜ் மூன்றும்தான். வார்னர் தன் மாநிலப் பல்கலையிடம், டெக் இல்லாத எதற்கும் வாக்களிக்காதே என்றார். சிராக்யூஸ் கழன்றது, டெக் நுழைந்தது. அந்தச் சமயத்தில் டெக்கே மற்ற பிக் ஈஸ்ட் பல்கலைகளோடு சேர்ந்து ஏ.சி.சி. மீது வழக்குப் போட்டிருந்தது! அழைப்பு வந்ததும் வழக்கில் இருந்து கழன்றுகொண்டது. கனெக்டிகட்டின் அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் ப்ளூமென்தால் வழக்கை நடத்தினார். யூகானுக்கு இடம் கிடைக்கவில்லை. சிராக்யூஸ் 2013இல்தான் உள்ளே வந்தது.

இப்போது சேர்த்துப் பாருங்கள். 2003இல் வார்னர் கையில் இருந்தது ஏ.சி.சி.க்குத் தேவைப்பட்ட ஒரு வாக்கு. 1994இல் புல்லக் கையில் இருந்தது பிக் எய்ட் தவமிருந்த டெக்சாஸ் சந்தை. டெக்சாஸ் வந்தால் போதும், கூட யார் வந்தாலும் சரி என்று அவர்கள் இருந்தார்கள். எதிராளிக்கு அவசரமாக வேண்டிய பொருள் உங்கள் மாநிலத்திடம் இருந்தால் ஆளுநர் இன்னொருவரையும் சேர்த்துக் கட்டி அனுப்பலாம். 2023இல் பிக் டென்னுக்கு வாஷிங்டன் பல்கலை அவசரத் தேவையே இல்லை. பாதி விலைக்குக் கிடைத்தது, எடுத்துக்கொண்டது. அந்த நிலையில் ஒலிம்பியா குறுக்கே நின்றிருந்தால் பிக் டென் ‘சரி, வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கும். இரண்டு பல்கலையும் சேர்ந்து மூழ்கியிருக்கும். கலிஃபோர்னியாவிலும் அதுவே. ஒரே கூரையாக இருந்தும் பெர்க்லியை உள்ளே தள்ள முடியவில்லை. வாங்க முடிந்தது ஜீவனாம்சம் மட்டும்.

கூரை தேவைதான் பித்தன், ஆனால் கூரை மட்டும் போதாது.

கூகர்பித்தன்:
சட்டம்பேசி சொல்வதை மறுக்க வாதம் தேடுகிறேன், சட்டென்று சிக்கவில்லை. ஆனால் ஒன்று. எங்களுக்கும் அந்த ஜீவனாம்சமாவது வாங்கிக் கொடுத்திருக்கலாமே? கலிஃபோர்னியா ரீஜென்ட்ஸ் செய்ததை வாஷிங்டன் சட்டமன்றம் செய்திருக்கலாம். தம்பியை வண்டியில் ஏற்ற முடியாவிட்டால் பஸ் காசாவது கொடுக்கச் சொல்ல வேண்டாமா?

எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் நீதிமன்றத்தில் கிடைத்தது. வெளியேறுவதாக அறிவித்தவருக்கு நிர்வாகக் குழுவில் வாக்கு இல்லை என்று பேக்-12 விதியே சொல்கிறது. யு.எஸ்.சி.யையும் யு.சி.எல்.ஏ.வையும் அதே விதியைக் காட்டித்தான் கூட்டத்துக்கு வெளியே உட்கார வைத்தார்கள். தங்களுக்கு வந்தபோது மட்டும் விதி கசந்தது. 2023 நவம்பரில் புல்மேன் இருக்கிற விட்மேன் கவுன்ட்டியின் நீதிமன்றம் எங்கள் பக்கம் நின்றது, டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்தது. பிறகுதான் போனவர்கள் சமரசத்துக்கு வந்தார்கள். அதில் கிடைத்த காசும் பெயரும் வைத்துத்தான் போய்சி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சாஸ் ஸ்டேட் என்று ஆள் சேர்த்து, கூடைப்பந்துக்கு கொன்சாகாவையும் பிடித்து, 2026 ஜூலைக்குப் புதுக் குடித்தனம்.

டொரொண்டோ வாசன்:
வாசிக்க வாசிக்கத் தலை சுத்துது. அப்ப இவ்வளவு காலமும் ஏச்சு வாங்கின நீங்களே இப்ப மவுன்டன் வெஸ்ட் எண்டுற கான்ஃபரன்ஸைப் பிரிச்சு எடுத்திருக்கிறியள், என்ன?

நியூஜெர்சி மாமா:
வாசன், நறுக்குனு கேட்டேள்! 😂

கூகர்பித்தன்:
ஆமாம், செய்தோம். மவுன்டன் வெஸ்ட் எங்களிடம் ‘ஆள் பிடிப்புக் கட்டணம்’ கேட்டதும் உண்மை. அங்கிருந்து வந்த ஐந்து பேருக்கு 55 மில்லியன். வழக்கும் ஆயிற்று. மூழ்குகிறவன் பக்கத்துப் படகைப் பிடித்தால் பாவம்தான், ஆனால் பிடிக்காமல் மூழ்கியிருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர் புல்மேனில் ஒரு குளிர்காலம் இருந்து பார்க்கட்டும்.

நெறியாளர்:
ரட்கர்ஸ் ஃபுட்பால் பற்றிய நையாண்டிப் பதிவுகள் நகைச்சுவைப் பகுதிக்கு நகர்த்தப்பட்டுள்ளன. மாமா, நீங்களேதான் நாலு போட்டிருக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
இழை முடிவதற்குள் ஏ.சி.சி. பற்றிச் சொல்லிவிடுகிறேன், அடுத்த கலவரம் அங்கேதான். அவர்கள் 2036 வரை டிவி உரிமையைக் கான்ஃபரன்ஸுக்கே எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஓடினாலும் உங்கள் சொந்த ஊர் ஆட்டத்தின் உரிமை பழைய வீட்டிலேயே இருக்கும். எல்லோரையும் இத்தனை நாள் கட்டிப் போட்டது அந்தக் காகிதம்தான். 2023இல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டமும் வென்றும் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபில் இடமில்லை என்றானதும் அந்த மாதமே வழக்கு. ஏ.சி.சி. ஒரு நாள் முந்திக்கொண்டு நார்த் கரோலைனாவில் வழக்குப் போட்டது. பிறகு கிளெம்சன். 2025 மார்ச்சில் சமரசம்: பார்வையாளர் கணக்குப்படி பணப் பங்கீடு, வெளியேறும் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கி 2030-31இல் 75 மில்லியனில் நிற்கும்.

பிக் டென் டிவி ஒப்பந்தம் 2030இல் முடிகிறது. பிக் 12 ஒப்பந்தம் 2031இல். ஏ.சி.சி.யின் கதவும் அதே சமயத்தில் திறக்கிறது. தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

ஆஸ்டின் அருள்:
அப்போ சட்டம்பேசி சொன்ன கணக்குப்படி அடுத்த பரீட்சை நார்த் கரோலைனா. நார்த் கரோலைனா பல்கலையான யு.என்.சி.யும் என்.சி. ஸ்டேட்டும் ஒரே கூரை. யு.என்.சி.யை எஸ்.இ.சி.யும் விரும்புது, பிக் டென்னும் விரும்புது. சந்தையும் இருக்கு, பேரும் இருக்கு.

சட்டம்பேசி:
அதனால்தான் 2024இல் அந்த மாநிலப் பல்கலை அமைப்பின் ஆளுகைக் குழு முன்கூட்டியே ஒரு விதி போட்டு வைத்தது. கான்ஃபரன்ஸ் மாற நினைக்கிற பல்கலை முதலில் அமைப்பின் தலைவருக்குச் சொல்ல வேண்டும், நிதிக் கணக்குக் காட்ட வேண்டும், அனுமதி வாங்க வேண்டும். யு.என்.சி.யைக் கேட்டு இரண்டு பேர் போட்டியிட்டால் அண்ணனும் தம்பியும் சேர்ந்து போகலாம். ஒருவர் மட்டும் கேட்டால் என்.சி. ஸ்டேட் இருக்கிற ராலேவில் இன்னொரு புல்மேன்.

கூகர்பித்தன்:
ராலேக்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் இப்போதே உங்கள் மாநில செனட்டருக்கு எழுதுங்கள். ஆகஸ்டில் எழுதினால் பதில் கடிதம் மட்டும்தான் வரும். என்னிடம் ஒன்று இருக்கிறது, மிகவும் மரியாதையான கடிதம்.

நியூஜெர்சி மாமா:
எங்களை யாராவது வெளியே தள்ளுவாளான்னு 2030ல பார்க்கணும். அதுவரைக்கும் ஓரிகன்காரன் இங்க வந்து நாற்பது பாயிண்ட் போட்டுட்டுப் போறதை மழையில நனைஞ்சுண்டு பார்த்துண்டிருக்கேன். யாருக்காவது டிக்கெட் வேணுமா? சும்மாவே தரேன்.